கயிற்றின் நீளம் தெரிந்து புறப்படுங்கள்

ஐரோப்பாவுக்கு வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு,

2001ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த வாரத்தில் சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு விமானம் ஏறினேன். அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் அந்நாட்டு அரசு கணினித் துறையினருக்கென்று 'கிரீன் கார்டு' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மொத்தம் 20,000 பேர் வரை எடுப்பார்கள். பட்டம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஆண்டுக்கு 1 லட்சம் மார்க் சம்பளமாவது இருக்க வேண்டும். தங்குவது அதிகபட்சம் 5 ஆண்டு. அமெரிக்கக் கிரீன் கார்டைப் போல இதுவும் நிரந்தரக் குடியேற்றம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் அது காலக்கெடு வைத்த வேலை அனுமதி.

2002 டிசம்பரில், கணினித் துறை சரிந்து கிடந்த நேரத்தில், என் நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை போன கடிதத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் என் கடவுச்சீட்டை விரித்து, அதில் ஒட்டியிருந்த அனுமதித் தாளின் அடியில் இரண்டு வரியை விரலால் தொட்டுக் காட்டி, "இதைப் படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டு வருடம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். ஒரு நாளும் படித்ததில்லை.

மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைத்தது. பிழைத்தோம். ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, புதிதாக வரும் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. "உன் அனுமதி எதில் கட்டியிருக்கிறது?" என்றுதான் கேட்பேன். முளையில் கட்டிய மாடு கயிறு போகிற தூரம்தான் மேயும். உங்கள் அனுமதியும் அப்படித்தான்: ஒரு முதலாளியில், ஒரு சம்பள எண்ணில், ஒரு தேதியில் கட்டியிருக்கும். எதில் கட்டியிருக்கிறது, கயிறு எவ்வளவு நீளம், எப்போது அவிழும் என்று தெரிந்துகொண்டு புறப்படுங்கள். அதற்காகத்தான் இந்தப் பன்னிரண்டு சொற்கள்.

1. முதலில் உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்.

நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. ஐரோப்பிய அலுவலகங்களுக்கு இது புரியாது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் உங்கள் முழுப்பெயரையும் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வங்கி, மருத்துவக் காப்பீடு, வரி அலுவலகம் எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பெயர் ஓடும். பட்டச் சான்றிதழில் 'கே. செந்தில்குமார்', கடவுச்சீட்டில் 'செந்தில்குமார் கந்தசாமி', திருமணச் சான்றிதழில் 'செந்தில் குமார்' என்று மூன்று பேராக நிற்காதீர்கள். வேலை தேடத் தொடங்கும்போதே கடவுச்சீட்டில் பெயரை இரண்டு கட்டத்திலும் பிரித்து வாங்குங்கள். பழைய சான்றிதழ்களை மாற்ற முடியாவிட்டால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் எழுதி வாங்கி வையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் பெயர் இல்லாமலே சான்றிதழ் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

2. ஐரோப்பா ஒரே நாடு இல்லை.

"ஐரோப்பிய விசா" என்று ஒன்று வேலைக்குக் கிடையாது. 'ப்ளூ கார்டு' என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டமாக்கி, 2021இல் திருத்தி எழுதிய அட்டை. ஒன்றியத்தின் 27 நாடுகளில் 25 அதைத் தருகின்றன. டென்மார்க்கும் அயர்லாந்தும் சேரவில்லை. டென்மார்க்கில் சம்பள வரம்புத் திட்டமும் பற்றாக்குறைத் தொழில் பட்டியலும் உண்டு. அயர்லாந்தில் 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்' பர்மிட் இருக்கிறது. பிரான்ஸ் 'டாலண்ட்' அட்டையை 4 ஆண்டு வரைக்கும் தருகிறது. ஆஸ்திரியாவின் சிவப்பு-வெள்ளை-சிவப்பு அட்டைக்கு மதிப்பெண் கணக்கு. நெதர்லாந்தில் 2004 முதல் 'கென்னிஸ்மிக்ரான்ட்' என்ற சொந்தத் திட்டம் ஓடுகிறது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை. நம்மைப் போன்ற வெளிநாட்டினருக்கு ஆண்டுக்கு 8,500 என்று எண்ணி வைத்துத்தான் அனுமதி தருகிறது. பிரிட்டனின் கணக்கு முழுக்க வேறு.

ஒரே நாட்டில் இரண்டு வழி இருந்தால் எது உங்களுக்கு நல்லது என்று கேளுங்கள். நெதர்லாந்தில் நிறுவனங்கள் வழக்கமாகத் தங்கள் சொந்தத் திட்டத்தில்தான் விண்ணப்பிப்பார்கள்; அது விரைவாக முடியும், பட்டச் சான்றிதழும் கேட்பதில்லை. ஆனால் ப்ளூ கார்டு இருந்தால் 12 மாதத்துக்குப் பிறகு இன்னொரு ஒன்றிய நாட்டுக்கு மாறுவது எளிது. ஒரு ஷெங்கன் நாட்டின் அட்டையை வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளைச் சுற்றிப் பார்க்கலாம், 180 நாளில் 90 நாள். அங்கே போய் வேலைக்குச் சேர முடியாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

3. கம்பெனி அனுப்புவதும் நீங்கள் போவதும் வேறு வேறு.

நம் பிள்ளைகளில் பாதிப்பேர் 'ஆன்சைட்' என்ற பெயரில்தான் வருகிறார்கள். சென்னையில் இருக்கும் நிறுவனம் தன் ஐரோப்பியக் கிளைக்கு அனுப்பும். அதற்கு ஐ.சி.டி. என்ற தனி அனுமதி. மேலாளருக்கும் நிபுணருக்கும் அதிகபட்சம் 3 ஆண்டு, பயிற்சியாளருக்கு 1 ஆண்டு; முடிந்ததும் திரும்ப வேண்டும். உங்கள் வேலை ஒப்பந்தம் இந்தியாவிலேயே இருக்கும். ஆகவே அந்த அட்டையோடு வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது.

இது மோசமான வழி என்று சொல்ல வரவில்லை. உலகம் பார்க்கவும் கடனை அடைக்கவும் மூன்று ஆண்டு போதும் என்பவருக்கு இது நல்ல வழி. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, வீட்டுக்குச் சாமான் வாங்கி, ஊன்றிவிட்டோம் என்று நினைத்த பிறகு "அடுத்த மாதம் திரும்பி வா" என்ற மின்னஞ்சலைப் பார்த்து உடைந்துபோன குடும்பங்களை நான் அறிவேன். ஆஃபர் கையில் வந்ததும் ஹெச்.ஆரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த நிறுவனத்தோடு?"

4. சம்பள எண்ணை நுணுக்கமாகப் படியுங்கள்.

ஜெர்மனியில் ப்ளூ கார்டுக்கு 2025ஆம் ஆண்டு வரம்பு, பிடித்தத்துக்கு முன் ஆண்டுக்கு 48,300 யூரோ. பற்றாக்குறைத் தொழில்களுக்கும் அண்மையில் படித்து முடித்தவர்களுக்கும் 43,759.80 யூரோ. நெதர்லாந்தில் அதே ஆண்டு, 30 வயது நிரம்பியவருக்கு மாதம் 5,688 யூரோ, அதற்குக் கீழே 4,171. இந்த எண்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் மாறும். போன வருடம் வந்த நண்பர் சொன்ன எண்ணை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதை எண்ணுகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். நெதர்லாந்தில் 8 சதவீத விடுமுறைப் பணத்தைச் சேர்க்காமல்தான் அந்த எண்ணைத் தொட வேண்டும். மாதாமாதம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். 'நன்றாக வேலை செய்தால் போனஸ்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வது கணக்கில் வராது. வரம்புக்கு மேலே பத்து யூரோவில் நிற்கும் சம்பளத்தையும் ஏற்காதீர்கள். அடுத்த ஆண்டு வேலை மாறும்போதோ, குழந்தை பிறந்து வேலை நேரத்தைக் குறைக்கும்போதோ அந்தப் பத்து யூரோ உங்களைக் காப்பாற்றாது.

5. படித்த படிப்புக்கு அங்கே என்ன மதிப்பு என்று வீட்டிலிருந்தே பாருங்கள்.

ஜெர்மனி 'அனபின்' என்ற தரவுத்தளத்தில் உலகப் பல்கலைக்கழகங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நேராக 'ஹெச்+' என்று இருந்தால், பட்டத்தின் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாப் என்ற அலுவலகத்துக்கு விண்ணப்பித்து மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ, காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். கணினித் துறையினருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த 7 ஆண்டில் 3 ஆண்டு அதே தரத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் ப்ளூ கார்டு கிடைக்கும். ஆகவே பழைய நிறுவனங்களின் அனுபவக் கடிதங்களை, என்ன வேலை செய்தீர்கள் என்ற விவரத்தோடு, விலகும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அந்த நிறுவனமே இருக்காது.

மருத்துவர், செவிலியர் போன்றோருக்கு விசா மட்டும் போதாது. தொழில் செய்ய அந்நாட்டு உரிமம் தனியாக வேண்டும். சான்றொப்பத்திலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. நெதர்லாந்து நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையை ஏற்கிறது. ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. தேவைப்பட்டால் தூதரகம் தன் வழியில் விசாரித்துச் சரிபார்க்கும். எந்த நாடு என்ன கேட்கிறது என்று பார்த்த பிறகு அலையுங்கள்.

6. முதலாளியின் பிழை உங்கள் தலையில் விழும்.

பத்தாண்டுக்கு முன் ஸ்வீடனில் நடந்ததைச் சொல்கிறேன். நன்றாக வேலை செய்து, வரி கட்டி, மொழி பழகிய மென்பொருளாளர்கள் சிலருக்கு அனுமதி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. காரணம், அவர்களுடைய நிறுவனம் கட்ட வேண்டிய காப்பீடு ஒன்றைச் சில மாதம் கட்டாமல் விட்டிருந்தது. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இப்படித் திறமைசாலிகளை வெளியேற்றுவதற்கென்றே ஸ்வீடிஷ் மொழியில் ஒரு சொல் பிறந்தது. 2017 டிசம்பரில்தான் அந்நாட்டுக் குடிவரவு மேல்முறையீட்டு நீதிமன்றம், சின்னப் பிழையை வைத்து முடிவெடுக்காமல் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே சம்பளச் சீட்டை மாதாமாதம் வாசியுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் வருகிறதா, ஓய்வூதியமும் காப்பீடும் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். கேட்டால் முதலாளி முகம் சுளிப்பாரே என்று தயங்காதீர்கள். சேருவதற்கு முன்பும் விசாரிக்கலாம்: நெதர்லாந்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலைக் குடிவரவுத் துறையே வெளியிடுகிறது. பிரிட்டனிலும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. பத்து நிமிட வேலை.

7. வேலைக்கு விலை கேட்பவரை விட்டு விலகுங்கள்.

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாக் கட்டணம் உண்டு, மொழிபெயர்ப்புக்குச் செலவு உண்டு, விமானச் சீட்டு உண்டு. 'ஸ்பான்சர்ஷிப்' கடிதத்துக்கு விலை கிடையாது. பிரிட்டனில் நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கான செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதை 2024 டிசம்பர் 31 முதல் தடை செய்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, இல்லாத வேலைக்கான காகிதத்தை வாங்கி வந்து விமான நிலையத்திலேயே திரும்பியவர்களின் பெற்றோரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறேன். அந்தக் குரலை இன்னொரு முறை நான் கேட்க வேண்டாம்.

8. வேலை போனால் எத்தனை நாள்? வேலையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பன்னிரண்டில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒன்றியச் சட்டப்படி, ப்ளூ கார்டு வாங்கி 2 ஆண்டு ஆகாதவருக்கு வேலை இல்லாமல் இருக்க 3 மாதம், 2 ஆண்டு ஆனவருக்கு 6 மாதம். நெதர்லாந்தின் கென்னிஸ்மிக்ரான்ட் அனுமதியில் 3 மாதம். பிரிட்டனில் வழக்கமாக 60 நாள். ஜெர்மனியில் ஒப்பந்தம் முன்கூட்டியே முடிந்தால் 2 வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். பயந்து மறைத்தவர்களுக்குத்தான் தொல்லை வந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதலிலேயே போய்ச் சொன்னவருக்கு வழி பிறந்தது.

நீங்களாக வேலை மாறும்போதும் இதே கவனம் வேண்டும். ஜெர்மன் ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் மாறினால் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் நிறுத்தி வைத்துப் பரிசீலிக்கலாம். 12 மாதம் தாண்டினால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். அயர்லாந்தின் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பர்மிட்டில் 2024 செப்டம்பரிலிருந்து 9 மாதம் முடிந்ததும் வேறு முதலாளியிடம் போகலாம். உங்கள் அட்டையோடு ஒரு இணைப்புத் தாளும் தருவார்கள். ஜெர்மனியில் அதற்கு 'சூசாட்ஸ்பிளாட்' என்று பெயர். எந்த வேலைக்கு, யாரிடம் என்ற நிபந்தனை அதில்தான் எழுதியிருக்கும். அன்று என் கடவுச்சீட்டில் அந்த அம்மையார் தொட்டுக் காட்டிய இரண்டு வரி இதுதான்.

மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது அதற்குப் பிறகு. அப்பா அம்மாவிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

9. தேதிகள் உங்களுக்காகக் காத்திருக்காது.

ஜெர்மனியில் வீடு புகுந்த 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அந்தத் தாளைத் தராதவர் வீட்டில் குடியேறாதீர்கள். அனுமதி முடியும் நாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். பெரிய நகரங்களில் நேரம் ஒதுக்கி வாங்குவதே பெரும்பாடு. முடிவதற்கு முன் விண்ணப்பித்திருந்தால், புதிய அட்டை வரும்வரை பழைய உரிமை தொடர்வதாகத் தற்காலிகச் சான்று கிடைக்கும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம். கடவுச்சீட்டு முடியும் தேதியைத் தாண்டி அட்டை தரமாட்டார்கள் என்பதால் அதையும் முன்பே புதுப்பியுங்கள்.

ஊருக்குப் போய்த் தங்கும் நாளையும் எண்ணுங்கள். ஜெர்மனியில் சாதாரண வசிப்பு அனுமதி 6 மாதம் வெளியே இருந்தால் செல்லாமல் போகும். ப்ளூ கார்டுக்கு 12 மாதம். தாயாருக்குப் பக்கவாதம் வந்தபோது என் நண்பர் ஒருவர் ஏழு மாதம் மதுரையில் இருந்தார். மகன் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். கிளம்பும் முன் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து நீண்ட காலக்கெடு கேட்டிருந்தால், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டாம்.

10. மொழியைத் தள்ளிப் போடாதீர்கள்.

அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். உண்மைதான். ஆனால் கயிற்றை அவிழ்ப்பது மொழி. ஜெர்மன் ப்ளூ கார்டில் அடிப்படையான ஏ1 நிலை தெரிந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்பு கேட்கலாம். பி1 நிலை இருந்தால் 21 மாதத்தில். கூடுதலாக இரண்டு நிலைப் படிப்பு உங்களுக்கு ஆறு மாதத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது. அந்த ஆறு மாதத்தில் வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், படிக்க உட்காருவீர்கள். சென்னையில் கெதே நிறுவனம் இருக்கிறது, இணையத்தில் வகுப்புகள் இருக்கின்றன. விசா வரக் காத்திருக்கும் மாதங்கள்தான் படிக்க நல்ல நேரம். வந்த பிறகு குளிரும் வேலையும் பாத்திரமும் உங்களை விடாது.

11. உடன் வருபவரின் வாழ்க்கையையும் எண்ணிப் பாருங்கள்.

என் மனைவி ஊரில் கல்லூரி ஆசிரியை. 2001இல் என்னோடு வந்தபோது அவருக்கு உடனே வேலை பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. நான்கு சுவருக்குள் பனியைப் பார்த்துக்கொண்டு அவர் இருந்த மாதங்களுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். இன்று நிலைமை மாறியிருக்கிறது. ப்ளூ கார்டுக்காரரின் துணைவருக்கு ஜெர்மனி வருவதற்கு முன் மொழித் தேர்வு கிடையாது. வந்ததும் வேலை பார்க்கலாம். நெதர்லாந்தில் துணைவரின் அட்டையிலேயே எந்த வேலையும் செய்யலாம் என்று அச்சிட்டிருக்கும். எல்லா நாட்டிலும் எல்லா அட்டையிலும் இது இப்படி இல்லை. ஆஃபரை ஒப்புக்கொள்ளும் முன் துணைவரோடு உட்கார்ந்து, அவர் படிப்புக்கு அங்கே என்ன வழி என்று பாருங்கள். அவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்றால், அந்த முடிவில் அவருக்கும் சம பங்கு இருக்கட்டும்.

பெற்றோர் பற்றியும் கேட்பீர்கள். 2024 மார்ச் 1க்குப் பிறகு முதன்முறையாகத் திறன் பணியாளர் அனுமதி பெற்றவர்கள் பெற்றோரை அழைத்துத் தங்க வைக்க ஜெர்மனி வழி திறந்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் நீங்கள் ஏற்க வேண்டும். வயதானவர்களுக்குக் காப்பீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை அதிகம். கணக்குப் போட்டுவிட்டு அவர்களுக்கு வாக்குக் கொடுங்கள்.

12. விதி நடுவழியில் மாறும். காகிதங்களைக் காத்து வையுங்கள்.

பிரிட்டன் 2002இல் உயர் திறன் குடியேறிகளுக்கு ஹெச்.எஸ்.எம்.பி. என்ற திட்டம் தொடங்கியது. வேலையை விட்டு, வீட்டை விற்று, குடும்பத்தோடு போனார்கள் நம்மவர்கள். 2006 நவம்பரில் விதியை மாற்றி, ஏற்கெனவே வந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்களும் புதிய மதிப்பெண் கணக்கில் தேற வேண்டும் என்றார்கள். பலருக்கு நீட்டிப்பு கிடைக்காத நிலை. அவர்கள் ஒன்றுகூடி நீதிமன்றம் போனார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வென்றது எதனால்? முதல் விண்ணப்பத்தின்போது அரசு வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்புகள் எழுத்தில் இருந்தன.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்து வெளிநாட்டுத் திறனாளருக்குத் தரும் வரிச்சலுகையின் காலத்தை 2019இல் 8 ஆண்டிலிருந்து 5 ஆக்கியது. 2027 முதல் அந்தச் சலுகையின் விகிதம் 30 சதவீதத்திலிருந்து 27 ஆகிறது. ஜெர்மனி 2024 ஜூனில் குடியுரிமைக்கான காத்திருப்பை 5 ஆண்டாகக் குறைத்து, சிறப்பாக ஊன்றியவர்களுக்கு 3 ஆண்டு என்றும் வைத்தது. அந்த 3 ஆண்டு வழியை 2025இல் நீக்கிவிட்டது. ஆகவே ஒரு சலுகையை நம்பி வீட்டுக்கடன் வாங்காதீர்கள். தகுதி வந்த நாளில் விண்ணப்பித்துவிடுங்கள். "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள் கதவடைத்த பிறகு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, பழைய அட்டையின் நகல் எதையும் எறியாதீர்கள்.

கடைசி முடிச்சு குடியுரிமை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கினால் நம்முடையதை ஒப்படைக்க வேண்டும். முன்னாள் இந்தியக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையோடு வந்து போகலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கைத் தமிழர்களுக்கு அவர்கள் நாட்டில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. முடிவெடுக்க முடியாதவர்களுக்கு ஒன்றியத்தின் நீண்டகால வசிப்பு உரிமை இருக்கிறது. ப்ளூ கார்டில் பல நாடுகளில் வாழ்ந்த காலத்தைக் கூட்டி 5 ஆண்டு காட்டலாம், கடைசி 2 ஆண்டு விண்ணப்பிக்கும் நாட்டில் இருந்தால் போதும். ப்ளூ கார்டிலிருந்து அந்த உரிமைக்கு வந்தவர் 24 மாதம் வரை ஒன்றியத்துக்கு வெளியே தங்கலாம். வயதான பெற்றோர் உள்ளவர்களுக்கு அந்த 24 மாதம் பெரிய ஆறுதல்.

என் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 2003இல், புதிய வேலையில் சேர்ந்த அன்று இரவு, மனைவி எழுதி ஒட்டியது. அனுமதி முடியும் தேதி, கடவுச்சீட்டு முடியும் தேதி, அனுமதி யார் பெயரில், வேலை போனால் எத்தனை நாள், கட்டு எப்போது அவிழும்: ஐந்தே வரி. முதல் வரியை எத்தனையோ முறை அடித்துத் திருத்தியிருக்கிறோம். பிறகு ஒரு நாள் ஐந்து வரிக்கும் பதில் தேவையில்லாமல் போனது. தாளைக் கிழிக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

இன்று இரவு அப்படி ஒரு தாளை எழுதுங்கள். ஐந்தில் எந்த வரியை நிரப்ப முடியவில்லையோ, அதை நாளைக் காலை ஹெச்.ஆரிடமோ தூதரகத்திலோ கேளுங்கள். ஐந்தும் நிரம்பிய பிறகு பெட்டி கட்டுங்கள். போய் வாருங்கள்.